நாலு கிலோ பித்தளை

நெம்புகோலைத் தூக்கியவுடன் காபி இறங்கிவிடக் கூடாது. மூன்று, நான்கு விநாடி எதுவுமே நடக்காத மாதிரி இருக்க வேண்டும். பம்பின் சத்தம் மட்டும் மெல்லக் கனத்துக்கொண்டே வரும். பிறகு கூடையின் அடியில் அங்கங்கே கறுப்பாக வியர்க்கும். துளிகள் ஒன்றுகூடி ஒரே இழையாக இறங்கும். எலிவால் என்பார்கள் இத்தாலிக்காரர்கள். எஸ்பிரெசோ மெஷினின் ஈ-61 ஹெட் நல்ல நிலையில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள எனக்கு அந்த நான்கு விநாடி போதும். கேஜைப் பார்க்கவே வேண்டாம்.

கடையில் ஓடிய பழைய மெஷினை வீட்டுக்கு வாங்க வருகிறவர்கள் முதலில் பாய்லரைத் தட்டிப் பார்க்கிறார்கள், பம்பைச் சுற்றிப் பார்க்கிறார்கள், எவர்சில்வர் தகடு நசுங்கியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். நான் ஹெட்டிடம்தான் போவேன். பூந்தமல்லி டிரங்க் ரோட்டைத் தாண்டி, திருமழிசைக்குப் போகிற வழியில், மூடிப்போன ஓட்டல்களின் சாமான்களை மொத்தமாக எடுத்து விற்கும் கிடங்கு ஒன்று இருந்தது. மாவு கிரைண்டர்களுக்கும் டீ பாய்லர்களுக்கும் நடுவே என் மெஷின் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தது. ஒரே ஹெட், ஆறு லிட்டர் செம்புப் பாய்லர், ரோட்டரி பம்ப், நாற்பத்தைந்து கிலோ. கம்பெனி பெயர் எழுதிய தகடு எப்போதோ கழன்று போயிருந்தது. கிடங்குக்காரர் அதைச் செம்பாகவும் பித்தளையாகவும் பிரித்துக் கிலோக்கணக்கில் விலை சொன்னார். நான் நெம்புகோலை அசைத்தேன். அசையவில்லை. அதனால்தான் வாங்கினேன் என்றுகூடச் சொல்லலாம். இறுகிப்போன ஈ-61-ஐ இளக்கிவிடலாம். உடைந்த பிளாஸ்டிக்கை எதுவும் செய்ய முடியாது.

பக்கத் தகட்டைக் கழற்றியபோது உள்பக்கத்தில் மார்க்கர் பேனாவால் தேதிகள் எழுதியிருந்தன. ஒவ்வொரு தேதிக்கும் எதிரே கேஸ்கெட், சுண்ணாம்பு எடுத்தது, வால்வு ரப்பர் என்று ஒரே கையெழுத்தில் சிறுசிறு குறிப்புகள். ஆறு மாதத்துக்கு ஒன்று என்ற கணக்கு தவறாமல் வந்து, 2014-இல் நின்றுவிட்டது. அதன் பிறகு அந்த மெஷினை யாரும் திறக்கவில்லை என்று உள்ளே பார்த்தபோதே தெரிந்தது. குடித்தவர்கள் மட்டும் குடித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

1961-இல் மிலானின் ஃபாயேமா கம்பெனியில் எர்னெஸ்டோ வாலெந்தே இந்த ஹெட்டைக் கொண்டுவந்தார். அந்த ஆண்டு பிப்ரவரி 15-ஆம் தேதி இத்தாலியில் தெரிந்த முழு சூரிய கிரகணத்தை வைத்துத்தான் ஈ-61 என்ற பெயர். கிரகணத்தின் பெயரைச் சுமக்கும் இன்னொரு அடுப்படிச் சாமான் எனக்குத் தெரியாது. அதே 1961-இல்தான் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது, பாடியில் லூகாஸ் டிவிஎஸ் தொடங்கியது. சில ஆண்டுகளில் அம்பத்தூர் எஸ்டேட் நிரம்பத் தொடங்கியது. எங்கள் வட்டாரம் இரும்பையும் பித்தளையும் கடையக் கற்றுக்கொண்ட காலமும் இந்த ஹெட்டின் காலமும் ஒன்று. அதனால்தானோ என்னவோ, இந்தப் பக்கத்து லேத் பட்டறைகளில் இதைக் கொண்டுபோய் வைத்தால் யாரும் அந்நியமாகப் பார்ப்பதில்லை. கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, "வால்வுதானே" என்கிறார்கள். வால்வுதான். அதற்குள் ஒரு முழுக் கலை இருக்கிறது.

நாலு கிலோவுக்குக் குறையாத பித்தளை. மேலே காளான் மாதிரி ஒரு மூடி. அதற்குள் ஊசிமுனை அளவுக்கு ஒரு துவாரம். நடுவில் நெம்புகோலோடு திரும்பும் கேம். கேமுக்கு மேலே ஒரு வால்வு, கீழே இரண்டு. நெம்புகோல் கீழே இருந்தால் மிச்சமிருக்கும் அழுத்தம் அடிக்குழாய் வழியாக வெளியேறிவிடும். நடுவே நிறுத்தினால் அந்த வழி அடைபடும். பம்ப் இன்னும் ஓடாது. முழுக்கத் தூக்கினால்தான் பின்னாலிருக்கும் சுவிட்ச் அமுங்கி பம்ப் எழும். அப்போதும் முழு அழுத்தம் தூள்மேல் உடனே போய் விழாது. அடியில் ஸ்பிரிங் தாங்கிய சின்ன அறை முதலில் நிறைய வேண்டும். அது நிறையும் வரை தூள் நனைந்துகொண்டிருக்கும். நான் சொன்ன நான்கு விநாடி அந்த அறையில்தான் கழிகிறது. கணினி கிடையாது, டைமர் கிடையாது. ஒரு ஸ்பிரிங்கும் ஒரு ரப்பரும்தான்.

அம்மா ஃபில்டரில் டிகாஷன் போடும்போது முதலில் ஒரு கரண்டி வெந்நீரை மட்டும் குடைமேல் சுற்றி ஊற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்பாள். பொடி ஊறட்டும் என்பாள். அப்புறம்தான் மீதித் தண்ணீர். ஈ-61 என்ன செய்கிறது என்று எனக்கு முதல்முறை புரிந்தபோது நினைவுக்கு வந்தது அந்தக் கரண்டிதான். மிலானில் ஒருவர் ஸ்பிரிங்கால் செய்ததை அம்மா கையால் செய்துகொண்டிருந்தாள்.

ஹெட்டுக்குள் வெந்நீர் எந்நேரமும் சுற்றிக்கொண்டே இருக்கும். பாய்லருக்குள் ஓடும் குழாயில் சூடான தண்ணீர் மேல்வழியாக ஏறிவந்து, பித்தளைக்குச் சூட்டைக் கொடுத்துவிட்டு, கனத்துக் கீழ்வழியாகத் திரும்பிப் போகும். இதற்கென்று மோட்டார் கிடையாது. சூடானது ஏறும், ஆறினது இறங்கும், அவ்வளவுதான். முக்கால் மணி நேரம் காத்திருந்தால் நாலு கிலோ பித்தளையும் ஒரே சூட்டுக்கு வந்துவிடும். காலையில் ஐந்தே காலுக்குச் சுவிட்ச் போட்டு ஆறு மணிக்குக் காபி போடுகிறேன். இந்தக் காத்திருப்பைக் குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு. பால்காரர் வருவதற்கும் பேப்பர் விழுவதற்கும் காத்திருக்கிற வீட்டில் இதுவும் ஒரு காத்திருப்பு.

என் ஹெட்டின் காளான் மூடியைத் திறக்க இரண்டு நாள் ஆயிற்று. பன்னிரண்டு வருஷச் சுண்ணாம்பு அதைச் சிமென்ட் வைத்தது மாதிரி பிடித்திருந்தது. பலத்தைக் காட்டினால் முனைகள் மழுங்கிவிடும். மழுங்கினால் அப்புறம் எந்த ஸ்பேனரும் பிடிக்காது. எலுமிச்சை உப்பு கரைத்த வெந்நீரில் ஊறவைத்து எடுப்பதும், வெளிப்பக்கத்தைச் சூடுபடுத்துவதும், மறுபடி ஊறவைப்பதும், மரச் சுத்தியலால் சுற்றிலும் தட்டுவதுமாகப் போனது. இரண்டாம் நாள் சாயந்திரம் ஸ்பேனருக்கு அடியில் உப்புக்கல் நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம். மூடி கால் சுற்று திரும்பியது. உள்ளே முட்டை ஓடு போலத் தகடு தகடாக வெள்ளை. ஊசித் துவாரம் முழுக்க அடைந்திருந்தது. சுவரின் ஓரத்தில் கை வைத்தால் அந்தச் சுண்ணாம்புக்கு அடியில் பித்தளை, கடைந்த அன்றைக்கு இருந்த வழவழப்போடு இருந்தது.

எலுமிச்சை உப்பிலும் கணக்கு உண்டு. லிட்டருக்கு ஐம்பது கிராமுக்கு மேல் நான் போடுவதில்லை. ராத்திரி முழுக்க மறந்து விட்டுவிடுவதும் இல்லை. பித்தளைப் பாத்திரத்தைப் புளியில் ஊறவைத்து மறந்தவர்களுக்குத் தெரியும், மஞ்சள் போய் ஒரு ரோஸ் நிறம் வரும். துத்தநாகம் கரைந்து போய்விட்டது என்று அர்த்தம். பாத்திரமானால் பரவாயில்லை. ஒன்பது பார் அழுத்தத்தைத் தாங்க வேண்டிய பித்தளையில் அது கூடாது.

மேல் வால்வின் இருக்கையில் குழி விழுந்திருந்தது. எஸ்டேட்டில் எனக்குப் பழக்கமான பட்டறைக்கு எடுத்துப் போனேன். எழுபதை நெருங்கும் மனிதர். லென்ஸை மாட்டிக்கொண்டு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சீட்டு நல்லாத்தான் இருக்கு சார், மேலதான் அரிச்சிருக்கு. ஒரு மயிரிழை எடுத்தா போதும். அதிகம் எடுத்தா உங்க ஸ்பிரிங்கு கணக்கு மாறிப்போயிடும்" என்றார். ஈ-61-ஐ அதற்கு முன் அவர் பார்த்ததே இல்லை. பார்த்த ஐந்தாவது நிமிஷத்தில் அதன் உயிர்நிலை எது என்று சொல்லிவிட்டார். கேஸ் வால்வும் பம்ப் சீலும் கடைந்தே நாற்பது வருஷம் போன கை. லேத்தில் ஒரே ஒரு தடவை உளியை ஓட்டினார். சுருண்டு விழுந்த பித்தளை, தங்க நூல் மாதிரி அவர் உள்ளங்கையில் இருந்தது. பிறகு கிரைண்டிங் பேஸ்ட் தடவி, இரண்டு விரலால் முன்னும் பின்னுமாகத் தேய்த்துப் பொருத்தினார். சோதித்துப் பார்க்க மண்ணெண்ணெய் ஊற்றி வைத்தார். அரை மணி நேரத்தில் ஒரு துளி இறங்கவில்லை.

இத்தாலிக்காரர்கள் குழாய்களில் போடும் திரெட்டும் நம் ஊர் பிளம்பிங் கடைத் திரெட்டும் ஒன்றே, பிஎஸ்பி. மூணு நூல் நட்டும் எல்போவும் அம்பத்தூர் ஓ.டி. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். பாய்லரிலிருந்து ஹெட்டுக்குப் போகும் செம்புக் குழாயை ஏசி மெக்கானிக் வளைத்துக் கொடுப்பார். தேய்ந்து போகிற சாமான் எல்லாம் ரப்பர். நிலைத்து நிற்க வேண்டியது எல்லாம் பித்தளை, செம்பு. இந்தப் பிரிவினையை இவ்வளவு தெளிவாகச் செய்த வேறொரு மெஷினை நான் பார்த்ததில்லை. தேய்வது மலிவாகவும் மாற்றச் சுலபமாகவும் இருக்க வேண்டும் என்று வரைபலகையிலேயே ஒருவர் முடிவு செய்திருக்கிறார். அந்த முடிவின்மேல்தான் எனக்கு இத்தனை மரியாதை.

மற்றதை வேகமாகச் சொல்லிவிடலாம். 1800 வாட் ஹீட்டர். மீட்டரில் 29 ஓம் காட்டியது, நல்ல ஹீட்டர். மெஷின் உடம்பில் மின்கசிவு இருக்கிறதா என்று மெக்கர் வைத்துப் பார்த்தேன். பிரஷர் சுவிட்சின் முனைகள் கருகியிருந்தன. மாற்றினேன், பாரத்தைத் தாங்க ஒரு ரிலே சேர்த்தேன். சேஃப்டி வால்வைப் பழசு என்று பார்க்காமல், வேலை செய்கிறதா என்றும் பார்க்காமல் புதிதாகப் போட்டேன். இதில் சிக்கனம் பேசுகிறவரிடம் நான் நட்பாக இருக்க மாட்டேன். ஆறு லிட்டர் பாய்லரில் 120 டிகிரித் தண்ணீர் அடைந்து கிடக்கிறது. வீட்டில் குழந்தைகள் நடமாடுகிறார்கள். பாய்லரைக் குளிர்ந்த தண்ணீரால் நிரப்பி அழுத்தம் ஏற்றி ஒரு ராத்திரி வைத்துப் பார்த்த பிறகுதான் முதல் தடவை சூடேற்றினேன்.

தண்ணீர்தான் பெரிய விஷயம். அம்பத்தூர் போர் தண்ணீர் எந்த மெஷினையும் மூன்றே வருஷத்தில் கல்லாக்கிவிடும். அதற்குப் பயந்து வெறும் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றியவர்களுக்கு வேறு சிக்கல் வந்தது. பாய்லரில் தண்ணீர் மட்டத்தைப் பார்க்கும் கம்பி, தண்ணீர் வழியே ஓடும் துளி மின்சாரத்தை வைத்துத்தான் மட்டத்தை அறிகிறது. உப்பே இல்லாத தண்ணீரில் மின்சாரம் ஓடாது. பாய்லர் காலி என்று நினைத்து மெஷின் நிரப்பிக்கொண்டே இருக்கும். காபியும் அந்தத் தண்ணீரில் சப்பென்றுதான் இருக்கும். நான் கேன் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு மெட்ரோ தண்ணீர் கலக்கிறேன். புழலும் செம்பரம்பாக்கமும் நிறைந்திருக்கிற மாதங்களில் இந்தக் கலவை அற்புதமாக இருக்கும். கோடையில் ஏரி வற்றி வாரியம் வேறிடத்துத் தண்ணீரைத் திருப்பிவிடும்போது அளவை மாற்ற வேண்டும். கோப்பையில் ஏரியின் மட்டம் தெரிகிறது என்று நான் சொன்னால் நண்பர்கள் நம்புவதில்லை. எனக்குத் தெரிகிறது.

லீவர் மெஷின்காரர்களோடு எனக்கு நெடுநாள் வாக்குவாதம். கஜ்ஜியா 1948-இல் கடைக்குக் கொண்டுவந்த அந்த ஸ்பிரிங் லீவர்தான் காபியின் மேல் நுரையைக் கொண்டுவந்தது. அதை மறுக்க நான் யார்? ஸ்பிரிங் தளரத் தளர அழுத்தமும் தானாகக் குறைவதால் கடைசிச் சொட்டுகளில் கசப்பு ஏறாது என்பார்கள். உண்மைதான். லீவரில் போட்ட நல்ல காபிக்கு ஒரு தேன் தன்மை உண்டு. ஆனாலும் அங்கே கவனம் முழுக்கக் கையில் இருக்கிறது. ஈ-61-இல் கை விலகிக்கொள்கிறது. கண்ணும் காதும் மட்டும் மிஞ்சுகின்றன. எனக்கு அதுதான் பிடிக்கிறது. இன்னொரு பக்கம், டிகிரியில் பத்தில் ஒரு பங்குவரை சூட்டைப் பிடித்து வைக்கும் புது மெஷின்காரர்கள். அவர்கள் கணக்கும் சரி. என்னுடைய மெஷினில் முதல் தண்ணீர் கொதித்துச் சீறிக்கொண்டு வரும். அதைக் கொஞ்சம் விட்டு, சீறல் அடங்கிக் கண்ணாடி மாதிரி இறங்குகிற கணத்தில் நிறுத்த வேண்டும். அந்தக் கணத்தைப் பிடிக்க ஒரு மாதம் ஆகும். பிடித்த பிறகு எண்கள் தேவைப்படுவதில்லை.

ஃபில்டர் காபிக்காரர்கள் கேட்கும் கேள்வி வேறு. அரைக் கிலோ பித்தளை ஃபில்டரில் வருகிற சுகத்துக்கு எதற்கப்பா நாற்பத்தைந்து கிலோ என்பார்கள். அவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. எங்கள் வீட்டிலும் சாயந்திரக் காபி டிகாஷன்தான், அதில் சிக்கரியும் உண்டு. காலைக் காபி வேறு ஜாதி. சிக்மகளூர் பிளான்டேஷன் ஏ-யில் கால் பங்கு நல்ல ரொபஸ்டா, சிக்கரி ஒரு சிட்டிகைகூடக் கிடையாது. பதினெட்டு கிராம் தூள், முப்பத்தாறு கிராம் காபி, இருபத்தெட்டு விநாடி. இந்தியக் காபியைப் பல ஆண்டுகளாக அதிகம் வாங்கும் நாடு இத்தாலிதான். நம் மலைக் கொட்டை அங்கே போய் இந்த மெஷின் வழியாக இறங்குகிறது. அதே கொட்டை அம்பத்தூரில் அதே மெஷினில் இறங்குவதில் ஆடம்பரம் ஒன்றும் இல்லை.

எண்பதுகளில் கல்யாண வீட்டு வாசலில் நிற்கும் எஸ்பிரெசோ மெஷினை எங்கள் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டோம். கோபுரம் மாதிரி உயரமாக, குரோம் பளபளக்க, பக்கத்தில் ஆவிக் குழாயோடு. கப்பில் பொடியும் சர்க்கரையும் போட்டு அடித்து, பாலில் ஆவியைச் சீறவிட்டு நுரை பொங்க ஊற்றி, மேலே சாக்லேட் தூள் தூவுவார்கள். வரிசையில் இரண்டாவது தடவை நின்று வாங்கிக் குடித்திருக்கிறேன். அது எஸ்பிரெசோவே இல்லை என்று இன்றைக்கு வித்வான்கள் கையை உதறுகிறார்கள். அந்த மாஸ்டர்களைக் கிட்டத்தில் நின்று பார்த்தவன் நான். ஒவ்வொரு கப்புக்கு முன்னாலும் ஆவிக் குழாயை ஒரு நொடி வெளியே திறந்து, தேங்கிய தண்ணீரை ஊதித் தள்ளிவிட்டுத்தான் பாலில் விடுவார்கள். முடிந்ததும் ஈரத்துணியால் ஒரே துடைப்பு, மறுபடி ஒரு ஊதல். ஆவியை மதிக்கத் தெரிந்தவர்கள். எஸ்பிரெசோ தெரியாமல் இருந்திருக்கலாம், தொழில் தெரியும்.

இப்போது லட்சக்கணக்கில் விலைபோகும் மெஷின் வைத்த கடைகளில் அந்த ஒரு ஊதலைக் காண முடிவதில்லை. சமீபத்தில் போன ஒரு கடையில் ஆவிக் குழாயில் பால் காய்ந்து, மெழுகுவத்தி உருகின மாதிரி அடுக்கடுக்காக ஒட்டியிருந்தது. ஹெட்டின் சல்லடை எப்போது கழுவப்பட்டது என்று கேட்டேன். சல்லடை கழன்று வரும் என்பதே அந்தப் பையனுக்குத் தெரியவில்லை. அவன்மேல் தப்பில்லை, யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பழைய எண்ணெயின் காறல் வாசனைதான் காபியின் வாசனை என்று ஒரு தலைமுறை நினைக்கப் பழகிவிட்டது. எனக்கு வருத்தம் அதில்தான்.

மெஷின்களும் அப்படித்தான் ஆகின்றன. வீட்டுக்கு என்று இன்று விற்பதில் பாதியைத் திறக்கவே முடியாது. போர்டு போய்விட்டது, புதிது வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். எஸ்டேட்டிலும் பட்டறைகள் இருந்த இடங்களில் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பிவிட்டன. பஃபிங் செய்துகொண்டிருந்த கடை போய்விட்டது. நிக்கல் முலாம் பூச இப்போது மூன்று இடம் அலைய வேண்டும். என் ஹெட்டின் இருக்கையைச் சரிசெய்த பெரியவரின் பிள்ளைகள் இருவரும் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். லேத்தை விற்பதற்கு ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு மயிரிழை எடுத்தால் போதும் என்று சொல்லத் தெரிந்த கண், லேத்தோடு சேர்ந்து விற்பனைக்கு வராது.

மெஷின் ஓடத் தொடங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை அவரை வீட்டுக்கு அழைத்தேன். காபியைவிட அவருக்கு நெம்புகோலில்தான் நாட்டம். நானே தூக்குகிறேன் சார் என்றார். மெதுவாகத் தூக்கிவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டார். பம்ப் கனத்தது. நான்கு விநாடி. முதல் துளி திரண்டதும், "சீட்டு பிடிச்சிருக்கு" என்றார். கோப்பையை அப்புறம்தான் கையில் எடுத்தார். சர்க்கரை கேட்டார், இரண்டு ஸ்பூன் போட்டுக் கொடுத்தேன்.

அவர் போன பிறகு பக்கத் தகட்டைக் கழற்றினேன். 2014-இல் நின்றுபோன வரிசைக்கு அடியில் அன்றைய தேதியை எழுதினேன். மேல் வால்வு இருக்கை கடைந்தது, ரப்பர்கள் புதிது, கேமுக்குச் சிலிகான் கிரீஸ், சேஃப்டி வால்வு புதிது. முன்னே எழுதியவர் கேஸ்கெட் என்று மட்டும்தான் எழுதியிருந்தார். சரியான அளவைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. அதனால் நான் அளவையும் எழுதினேன்: வெளிவட்டம் 73, உள்வட்டம் 57, கனம் 8 மில்லிமீட்டர். மை காயும் வரை காத்திருந்து தகட்டை மாட்டினேன்.